கண்ணாடிக் கதவுக்குள் 58 டிகிரி

சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த வாரம். மறுநாள் காலை ஒரு கல்யாண வீட்டுக்கு ஆல்பப் படங்களைக் கொடுத்தாக வேண்டும். இரவு பத்தரை மணிக்கு நாஸ் பெட்டியிலிருந்து, அதாவது ஹார்ட் டிஸ்க்குகளைப் போட்டு வீட்டு இணைப்பில் மாட்டிவைக்கும் சேமிப்புப் பெட்டியிலிருந்து, கணினிக்குப் படங்களை இறக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ஒரு மின்னஞ்சல்: இரண்டாவது ஹார்ட் டிஸ்க் 58 டிகிரி. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் ஹாலிலிருந்து ‘பீப்’ என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை. சூடு 60ஐத் தாண்டியதும் அது தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருந்தது.

நான் முழுநேரப் புகைப்படக்காரன் இல்லை. பகலில் செம்பனை ஆலையில் கிராணி வேலை, கணக்கு எழுதுவது. சனி, ஞாயிறில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போவேன். வீடு மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ஒரு காலத்தில் பால்மரக் (ரப்பர்) காடாக இருந்த நிலத்தில் கட்டிய தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில் இருக்கிறது. நாஸ் வாங்கியது தொழிலுக்காக மட்டுமல்ல. எங்கள் ஊர் சரித்திரப் புத்தகத்தில் வருவது 1948 ஜூன் 16ஆம் தேதி மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதற்கும், அதையொட்டி மலாயாவில் அவசரகாலம் வந்ததற்கும்தான். லயத்து வாசலில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில் போட்ட கோலம், பால் நிறுக்கும் கொட்டகையில் வாளியோடு நின்ற வரிசை, மாரியம்மன் கோயில் தீமிதி இதெல்லாம் உறவுக்காரர் வீட்டுப் பெட்டிகளில் பூஞ்சைபிடித்துக் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக வாங்கி ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். கிட்டத்தட்ட ஆறாயிரம் படம். அந்த லயங்களை இடித்தாகிவிட்டது. படங்களும் போனால் வேறு சாட்சி இல்லை.

ஆகவே அன்று இரவு எனக்கு வியர்த்துக் கொட்டியதற்கு வெயில் மட்டும் காரணமில்லை.

அப்பா எழுந்து வந்தார். “என்னாடா ஆச்சு?”

“டிஸ்க்கு சூடாயிருச்சுப்பா.”

“எவ்ளோ?”

“அம்பத்தெட்டு. அதுக்கும் மேல போயிருக்கு.”

“அது ஸ்மோக் ஹவுஸ் சூடுல்ல!” என்றவர், டிவி அலமாரியின் கண்ணாடிக் கதவைத் தொட்டுப் பார்த்தார். “காத்து எங்க உள்ள வருது? எங்க வெளிய போவுது?”

அப்பா தோட்டத்து ஸ்மோக் ஹவுஸில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ரப்பர் ஷீட்டுகளைக் கழியில் தொங்கவிட்டு, அடியில் விறகு எரித்து, 50லிருந்து 60 டிகிரி வரை சூட்டை நிறுத்திவைத்துச் சில நாள் உலர்த்தும் கூடம் அது. கீழே காற்று நுழைய ஒரு வழி, மேலே கூரையில் புகை போக ஒரு வழி. இரண்டையும் கூட்டிக் குறைப்பதில்தான் வேலையின் சூட்சுமமே. ஷீட்டுகளை நெருக்கித் தொங்கவிட்டால் நடுவில் இருப்பது காயாது. கணினியைத் தொட்டே பார்க்காத அந்த மனிதர் ஒரே நிமிடத்தில் கேட்ட கேள்வி, பெட்டி வாங்கிய இரண்டு வருடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

அலமாரிக்குள் காற்று வர வழியே இல்லை. முன்னால் கண்ணாடிக் கதவு. பின்னால் பலகை, அதில் வயர் போவதற்கு உள்ளங்கை அகலத்தில் ஓர் ஓட்டை. பெட்டியின் காற்றாடி பின்பக்கம் சூட்டைத் தள்ளுகிறது, தள்ளிய சூடு பலகையில் மோதித் திரும்ப முன்பக்கம் வருகிறது, அதையே மறுபடி உறிஞ்சுகிறது. பக்கத்துத் தட்டில் ரூட்டரும் டிவி பெட்டியும் தங்கள் பங்குக்குச் சூடேற்றிக்கொண்டிருந்தன. “பார்க்க அழகா இருக்கணும், பிள்ளைங்க கை படக்கூடாது” என்று நானே தேர்ந்தெடுத்த இடம்.

அன்று இரவு கதவைத் திறந்துவைத்து, மேசைக் காற்றாடியை எதிரே நிறுத்தி, பெட்டி ஆறிய பிறகு மறுபடி ஓட்டினேன். நாற்பது நிமிடத்தில் 49க்கு வந்து நின்றது. படங்களை ஒருவழியாக இறக்கி முடித்தேன். ஆனால் எத்தனை டிகிரி இருந்தால் சரி என்ற கேள்வி அதற்கப்புறம் என்னை விடவில்லை.

இணையத்தில் தேடினால் ‘40க்குக் கீழே வையுங்கள்’ என்றுதான் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். எழுதியவர் குளிர்நாட்டில், 20 டிகிரி அறையில் உட்கார்ந்திருப்பார். என் வீட்டு ஹாலில் பகல் இரண்டு மணிக்குக் காற்றே 33, 34 டிகிரி. காற்றாடி காற்றைத்தான் தள்ளும், குளிரை உண்டாக்காது. டிஸ்க்கின் சூடு அறையின் சூட்டுக்குக் கீழே எந்தக் காலத்திலும் போகாது. ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கு, காற்றோட்டம் நன்றாக இருந்தாலும், அறையைவிட எட்டுப் பத்து டிகிரி கூடத்தான் இருக்கும். 33உடன் பத்தைக் கூட்டினால் 43. எங்கள் ஊரில் 43 என்பது காய்ச்சல் அல்ல, உடம்புச் சூடு. 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானதே, அன்றைக்கு அங்கே நாஸ் வைத்திருந்தவர் ‘40க்குக் கீழே’ என்ற அறிவுரையை என்ன செய்திருப்பார்?

தயாரிப்பாளர்களின் தாளைப் பார்த்தேன். வீட்டுக் கணினிக்கான டிஸ்க்குகளுக்குப் பெரும்பாலும் 60 டிகிரி வரை, நாஸுக்கென்றே செய்யும் டிஸ்க்குகளில் பலவற்றுக்கு 65 வரை இயங்கலாம் என்று போட்டிருக்கிறது. அது டிஸ்க்கின் சூடு, அறைச் சூடு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. 65 வரை போகலாம் என்றால் 64இல் வருடக்கணக்காக ஓட்டலாம் என்றும் பொருள் இல்லை. லோரி மீட்டரில் சிவப்புக் கோடு இருக்கிறது என்பதற்காக ஈப்போ வரை சிவப்பிலேயே யாராவது ஓட்டுவார்களா?

கூகுள் பொறியாளர்கள் மூவர் 2007இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து எழுதியது. எல்லாரும் நினைத்ததற்கு மாறாக, சாதாரணச் சூட்டு அளவுகளுக்குள் சூடு கூடக் கூடப் பழுதும் கூடுவதாக அவர்கள் காணவில்லை. ரொம்பக் குளிர்ச்சியாக ஓடியவைதான் கூடுதலாகப் பழுதாகியிருந்தன. மிக அதிகச் சூட்டில் மட்டும், அதிலும் மூன்று வருடம் தாண்டிய பழைய டிஸ்க்குகளில், பழுது ஏறியது. 2014இல், இணையம் வழியாகப் பிறர் தகவல்களைச் சேமித்துவைக்கும் பேக்பிளேஸ் நிறுவனமும் தன் டிஸ்க்குகளைப் பார்த்துவிட்டு, பெரும்பாலான மாடல்களில் சூட்டுக்கும் பழுதுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றது.

படித்ததும் ஒரு நிம்மதி. ஆனால் அந்த நிம்மதியை முழுசாக வாங்கிக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி. அந்த டிஸ்க்குகளெல்லாம் ஆள் வைத்துக் காற்றைப் பராமரிக்கும் கூடங்களில் ஓடியவை. என் அலமாரியின் 58ஐப் பற்றி அந்த ஆய்வுகள் எதுவும் சொல்லவில்லை. 38க்கும் 43க்கும் இடையில் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதற்குத்தான் அவை ஆதாரம்.

கடைசியில் நான் எனக்கென்று வைத்துக்கொண்ட கணக்கு இது. 45 வரை கவலையே இல்லை. 45க்கும் 50க்கும் இடையில் போனால் ஏன் என்று பார்ப்பேன்: ஏதாவது பெரிய வேலை ஓடுகிறதா, வெளியே வெயில் கடுமையா என்று. 50ஐத் தாண்டி நின்றால் அன்றைக்கே எழுந்து ஏதாவது செய்தாக வேண்டும். இதைவிட முக்கியமாக நான் பார்ப்பது அறைக்கும் டிஸ்க்குக்கும் உள்ள வித்தியாசத்தை. பசாரில் வாங்கிய பத்து வெள்ளி வெப்பமானி ஒன்றைப் பெட்டியின் முன்பக்கம், காற்று நுழையும் இடத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். வித்தியாசம் பத்துப் பன்னிரண்டு என்றால் பெட்டி மூச்சு விடுகிறது. பதினைந்தைத் தாண்டினால் எங்கோ அடைப்பு. அன்று அலமாரியில் இருந்த வித்தியாசம் இருபத்தைந்து.

இந்த வித்தியாசக் கணக்கில் ஒரு லாபம் உண்டு. மழைநாளில் அறை 27, டிஸ்க்கு 43 என்றால், 43ஐ மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். காற்றாடி படுத்துவிட்டது என்பது வெயில்நாள் வரும்வரை அவருக்குத் தெரியாது.

சூட்டை அளப்பதிலும் ஒரு தப்பு செய்தேன். கோவிட் காலத்தில் வாங்கிய நெற்றியில் காட்டும் வெப்பமானி வீட்டில் இருந்தது. அதை டிஸ்க்கின் மேல் காட்டினால் 36 என்றது. பளபளப்பான உலோகத்தில் அந்தக் கருவி சரியாக அளக்காது. போதாக்குறைக்கு அது மனித உடம்புச் சூட்டுக்கென்று செய்தது. டிஸ்க்குக்குள்ளேயே சென்சார் இருக்கிறது. நாஸின் நிர்வாகப் பக்கத்தில் டிஸ்க்கின் ஸ்மார்ட் அட்டவணையை, அதாவது டிஸ்க்கு தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் பட்டியலைத் திறந்தால் 194ஆம் எண் வரிசையில் சூடு இருக்கும். அதை நம்பினால் போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை நிறுத்தி, வெளியே எடுத்துத் திறந்தேன். காற்றாடி இறகுகளில் படிந்திருந்தது வெறும் தூசி இல்லை, கரும்பிசின். சாமி மேடை அலமாரிக்கு நேர் பக்கத்தில். வெள்ளிக்கிழமை தவறாத சாம்பிராணிப் புகையும், சமையலறைத் தாளிப்பு எண்ணெயும், புகைமூட்டக் காலத்தில் சன்னல் வழியாக வந்ததும் எல்லாம் சேர்ந்து அப்பியிருந்தன. தூரிகையால் தட்டினால் போகவில்லை; ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒவ்வோர் இறகாகத் துடைக்க வேண்டியிருந்தது. உள்ளே ஒரு மூலையில் பல்லி முட்டை ஓடு இரண்டு. சர்க்கியூட் பலகை ஓரத்தில் எறும்பு வரிசை. வெதுவெதுப்பான இருட்டு எறும்புக்கும் பல்லிக்கும் சொர்க்கம். நம் பக்கத்தில் நாஸ் வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது திறந்து பார்ப்பது நல்லது.

காற்றாடியைக் கையால் சுற்றிவிட்டால் இரண்டு சுற்றில் நின்றது. பேரிங் தேய்ந்துவிட்டது. ஈப்போவில் கணினிச் சாமான் விற்கும் கடைக்குப் பழைய காற்றாடியையே கொண்டுபோனேன். 92 மில்லிமீட்டர், 12 வோல்ட், மூன்று கம்பி. கடைப் பையன், “பாஸ், சைஸ் மட்டும் பாத்து வாங்காதீங்க, பிளக்கையும் பாருங்க, வேகத்தைச் சொல்ற வயர் இல்லன்னா பெட்டி காத்தாடி பழுதுன்னு கத்தும்” என்றான். உண்மைதான். நாற்பது வெள்ளிக்குள் வேலை முடிந்தது. போட்ட பிறகு, நிர்வாகப் பக்கத்தில் காற்றாடி ‘சத்தம் குறைவு’ முறையில் இருந்ததை ‘குளிர்ச்சி’க்கு மாற்றினேன். கொஞ்சம் இரைச்சல் கூடியது. மழை பெய்யும்போது ஜிங்க் கூரைக்குக் கீழே படுத்து வளர்ந்தவர்களுக்கு அதெல்லாம் ஒரு சத்தமா?

இதற்கிடையே நான் செய்த அசட்டுத்தனங்களையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பெட்டியின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டினேன், காற்று நன்றாகப் படட்டுமே என்று. சூடு இரண்டு டிகிரி ஏறியது. மூடி இருந்தால்தான் காற்றாடி முன்பக்க வழியாகக் காற்றை இழுத்து, இரண்டு டிஸ்க்குகளுக்கும் நடுவில் ஓடவிட்டு, பின்னால் தள்ளும். மூடி இல்லையென்றால் கிட்டத்தில் இருக்கும் காற்றையே சுற்றிவிட்டுக்கொண்டிருக்கும். அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். ஸ்மோக் ஹவுஸ் கதவைத் திறந்துவைத்தால் புகை மேலே ஏறாமல் வாசல் வழியாகப் போய்விடுமாம்.

அடுத்து, பெட்டியை ஏர்கோன் போட்ட படுக்கை அறைக்கு மாற்றினேன். ராத்திரி 31 டிகிரி. எனக்கே பெருமையாக இருந்தது. காலையில் ஏர்கோனை அணைத்து, சன்னலைச் சாத்திவிட்டு எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுவோம். மேற்குச் சுவர் அறை. மாலை நான்கு மணிக்கு 48. தினமும் பதினேழு டிகிரி ஏறி இறங்குவதைவிட 43இலேயே நிலையாக நிற்பது மேல் என்று முடிவு செய்து, மூன்றாம் நாள் வெளியே கொண்டுவந்துவிட்டேன். ஏர்கோன் அறையில் ஆறிக் கிடந்த டிஸ்க்கை அப்படியே நம் ஊர் ஈரக்காற்றுக்குக் கொண்டுவந்து உடனே ஓட்டவும் கூடாது. குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலில் வியர்க்கிற மாதிரி அதிலும் வியர்க்கும். ஒரு பைக்குள் மூடிவைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு இணைக்க வேண்டும். நண்பன் ஒருவன் “ஐஸ் பெட்டிக்கு மேல வெச்சிரேன்” என்றான். ஐஸ் பெட்டி உள்ளேயிருந்து எடுக்கும் சூட்டையெல்லாம் வெளியேதான் விடுகிறது என்பதை அவனுக்கு விளக்கவே ஒரு தே தாரிக் ஆனது.

இப்போது பெட்டி, ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகும் நடைவழியில் ஓர் இரும்புத் தட்டில் இருக்கிறது. வெயில் படாத சுவர். நாலு பக்கமும் திறப்பு. பின்னால் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. தட்டின் கால்கள் ஒவ்வொன்றும் தண்ணீர் ஊற்றிய தகரக் குவளைக்குள், எறும்புக்காக. குழம்புச் சட்டிக்கு எங்கள் பாட்டி செய்த வைத்தியம் டிஸ்க்குக்கும் பலித்தது. ஆனால் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றாவிட்டால் ஏடிஸ் கொசுவுக்கு நாமே இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும், சோதனைக்கு வருபவர் சம்மனும் எழுதிவிட்டுப் போவார். இப்போது தண்ணீருக்குப் பதில் சமையல் எண்ணெய் ஊற்றியிருக்கிறேன்.

அறை 32 இருக்கும்போது முதல் டிஸ்க்கு 41, இரண்டாவது 43. இரண்டாவதுதான் எப்போதும் கூட. அது நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடுவது, முதலாவது 5400. வேகமாகச் சுற்றுவது கூடுதல் மின்சாரம் தின்னும், தின்றதெல்லாம் சூடாகத்தான் வெளியே வரும். வீட்டுக்குப் படமும் பாட்டும் சேமிக்க 5400 தாராளம். பெட்டிக்கும் கணினிக்கும் நடுவிலுள்ள கம்பி இணைப்பின் வேகமே முட்டுக்கட்டையாக இருக்கும் இடத்தில் 7200 வாங்கி நான் சேர்த்தது சூட்டை மட்டும்தான்.

டிஸ்க்கு முழுவதையும் வாசித்துச் சரிபார்க்கும் மாதாந்தர வேலையை முன்பு ஞாயிற்றுக்கிழமை மதியம் வைத்திருந்தேன், யாரும் பயன்படுத்தாத நேரம் என்று. வெயில் உச்சியில் ஆறேழு மணி நேர ஓட்டம்! அதை இரவு ஒரு மணிக்கு மாற்றியதிலேயே நாலு டிகிரி மிச்சம். எச்சரிக்கை மின்னஞ்சலையும் 58இலிருந்து 50க்கு இறக்கினேன். 58இல் வரும் எச்சரிக்கை, வீடு எரிந்த பிறகு வரும் தீயணைப்பு வண்டி.

இவ்வளவும் செய்து எட்டு மாதம் கழித்து இரண்டாவது டிஸ்க்கு செத்தது. சூடு அன்றைக்கு 42.

இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பாதி உண்மை. நான் 194ஆம் வரிசையை மட்டும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே அட்டவணையில் 197ஆம் வரிசை, அதாவது வாசிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சிறு துண்டுகளின்) எண்ணிக்கை, பூஜ்ஜியத்திலிருந்து 8 ஆகி, 24 ஆகி, நூறைத் தாண்டியிருந்தது. 5ஆம் வரிசையும், அதாவது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களும், ஏறியிருந்தது. அந்த 58 டிகிரி இரவுதான் இதற்கு விதை போட்டதா, அந்த டிஸ்க்கின் விதியே அதுதானா, யாராலும் நிரூபிக்க முடியாது. கூகுள் அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு: பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை, முக்கியமான ஸ்மார்ட் அடையாளங்கள் நான்கில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயின. எனக்கோ அடையாளம் காட்டியும் நான்தான் பார்க்கவில்லை.

இரண்டு டிஸ்க்குகளும் ஒன்றுக்கொன்று நகலாக இருந்ததால் படங்கள் தப்பின. புது டிஸ்க்கைப் போட்டு முதல் டிஸ்க்கிலிருந்து நகலெடுக்க, நாலு டெராபைட்டுக்கு ஒன்பது மணி நேரம் ஆனது. அந்த ஒன்பது மணி நேரமும், ஒற்றை ஆளாக நின்று கொடுத்துக்கொண்டிருந்த பழைய டிஸ்க்கு 47ஐத் தொட்டது. அப்பா நாற்காலியைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார், மேசைக் காற்றாடியின் தலையை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டு. நகல் டிஸ்க்கு என்பது பாதுகாப்புப் பிரதி அல்ல என்பது அன்றைக்குத்தான் வயிற்றில் உறைத்தது. இடி விழுந்தாலோ, திருடன் பெட்டியோடு தூக்கிப் போனாலோ, நானே தவறாக அழித்தாலோ இரண்டும் சேர்ந்தே போகும். இப்போது வெளி டிஸ்க்கு ஒன்றில் எல்லாவற்றையும் எழுதி ஈப்போவில் தங்கச்சி வீட்டில் வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போகும்போது புதுப்பிக்கிறேன். அவள் அதைச் சேலை பீரோவில் வைத்திருக்கிறாள், “அண்ணே, இது எத்தனை டிகிரியில இருக்கணும்?” என்று கிண்டல் வேறு. ஓடாத டிஸ்க்குக்கு ஈரமும் பூஞ்சையும்தான் எதிரி என்று சொல்லி, கேமராவுக்குப் போடும் சிலிக்கா பொட்டலங்கள் இரண்டைக் கூடப் போட்டிருக்கிறேன்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் 51 என்று மின்னஞ்சல் வந்தது. ஆலையில் லோரிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அறை எவ்வளவு என்று கேட்க வீட்டுக்கு அழைத்தால் அப்பாதான் எடுத்தார்.

“முறுக்கு டின்னு, பிஸ்கட் டின்னு எல்லாத்தையும் ஒம் பொண்டாட்டி அதுக்குப் பின்னாலதான் அடுக்கி வெச்சிருக்கா. எடுத்துக்கிட்டு இருக்கேன், இரு” என்றார்.

அரை மணி நேரம் கழித்துக் கைப்பேசியில் பார்த்தேன். 44.